எழுபத்தொரு தொட்டிகளில் பெயர் மாற்றி எழுதியது குறித்து

பெயர்: வில்லா ஹாஸ்கெட். வயது: 63. கணவர்: ஆர்லோ ஹாஸ்கெட், காலமாகிவிட்டார். தொழில்: கஞ்சாச் செடி வளர்ப்பும் இனக்கலப்பும், மாநில உரிமத்துடன். முகவரி: பெல் கிரீக் சாலை, ட்ரினிட்டி மாவட்டம், கலிபோர்னியா.

மேற்படி முகவரியில் முப்பத்தொரு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கும்படி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

பிரச்சினைக்குரிய செடியின் பெயர் வாஷ் டே, அதாவது துணி துவைக்கும் நாள். அதன் தாய் எட்டு வாரத்தில் பூக்கும் ஆப்கன் குட்டை இனம். தகப்பன் மெக்சிகோவின் ஒஹாகா மலையிலிருந்து வந்த நெட்டை இனம், பூக்கப் பதினான்கு வாரம் ஆகும். இரண்டையும் நான் கலந்து, நூற்றெண்பது விதை முளைக்கவைத்து, ஒன்பது வருடம் கழித்துத் தேறியது ஒரே ஒரு செடி. அதில்தான் தாயின் மண்ணெண்ணெய் நெடியும் ஈரக் கம்பளி வாசமும் தகப்பனின் ஆரஞ்சுத் தோல் வாசமும் ஒன்றாக இருந்தன. புகைத்தால் முதல் அரைமணி நேரம் வாய் மூடாது, ஒரே சிரிப்பாக இருக்கும். அதன் பிறகு முழங்கால் தளர்ந்து எழ மனம் வராது, ஆனால் தூக்கமும் வராது. என் கணவர் கடைசி ஆறு மாதம் இதைப் புகைத்த பிறகுதான் சூப் குடித்தார். பெயர் வைத்ததும் அவர்தான்.

இந்தச் செடியின் விதையைப் போட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாக வரும். அதே செடி வேண்டுமென்றால் குச்சி வெட்டித்தான் வேர் விடவைக்க வேண்டும். நான்கு வருடம் முன்பு காட்டுத்தீயில் என் கொட்டகையும் தாய்ச்செடிகளும் எரிந்தன. அத்துடன் வாஷ் டே போய்விட்டது என்று நினைத்து அழுதேன்.

சென்ற சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, ட்ரென்ட் மார்லோ என்பவரின் நாற்றுப்பண்ணைக்கு விவசாயிகளுக்கான விற்பனை நாளில் போனேன். 'வெல்வெட் ஹார்பர், பண்ணையின் சொந்தக் கண்டுபிடிப்பு' என்று பெயர்ச்சீட்டு குத்திய தொட்டிகள் வரிசையாக இருந்தன. எந்த நாற்றையும் வாங்குமுன் தண்டைக் கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்து பார்ப்பது எங்கள் வழக்கம். பூ வருவதற்கு முன்பே தண்டு தன் சாதியைச் சொல்லிவிடும். தேய்த்தேன், முகர்ந்தேன், பக்கத்து மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு ட்ரென்ட் வந்தார்.

"இது என் வாஷ் டே. எப்படி வந்துச்சு இங்க?" என்று கேட்டேன்.

"வாசனைக்குக் கூட பட்டா வச்சிருக்கீங்களா, வில்லா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆறு வருஷம் முன்னாடி உங்க வீட்டுக்கு வந்தப்ப ஒரே ஒரு குச்சி, ஈரக் காலுறைல சுத்தி எடுத்துட்டு வந்தேன். உங்க செடியெல்லாம் தீயில போச்சு, என்னாலதான் இது உயிரோட இருக்கு. நீங்க எனக்கு நன்றி சொல்லணும். வேணும்னா நாப்பது டாலர், ஒண்ணு எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"நன்றியா? என் வீட்டு ரொட்டியத் தின்னுட்டுக் காலுறைல திருடினவன் நீ. வெக்கமா இல்ல உனக்கு?" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, வேறு வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

அதன் பிறகு, கல்லாவில் கிடந்த மெழுகுப் பென்சிலை எடுத்து, பெயர்ச்சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கம் 'வாஷ் டே, வில்லா ஹாஸ்கெட் வளர்த்தது' என்று எழுதினேன். புகாரில் அறுபத்து மூன்று தொட்டி என்று இருப்பது தவறு. எழுபத்தொன்று. திருத்திக்கொள்ளவும். அதன் பிறகு ஒரு செடியில் விரல் நீளத்துக்கு ஒரே ஒரு குச்சியை என் கத்தியால் வெட்டி, கைக்குட்டையை நனைத்துச் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். ஓடவில்லை.

துணை ஷெரிஃப் மாரிசோல் கின்டேரோ, "மேடம், அந்த நாப்பது டாலரைக் குடுத்திருந்தா உங்களுக்கு இந்த வம்பே இல்லையே?" என்று கேட்டார். கொடுத்திருந்தால் ட்ரென்ட் ரசீது தந்திருப்பார். அது அவருடைய செடிதான் என்று நானே ஒப்புக்கொண்டதாக அந்த ரசீது ஆகியிருக்கும்.

குச்சியைத் திருப்பிக் கொடுத்து இரண்டு வரி மன்னிப்புக் கடிதம் எழுதினால் ட்ரென்ட் புகாரை வாபஸ் வாங்குவார் என்றும், இல்லையென்றால் வழக்கு நீதிமன்றம் போகும், என் உரிமமும் போகலாம் என்றும் எனக்கு விளக்கப்பட்டது. எனக்குப் புரிந்தது. மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன். குச்சி எங்கே என்று மூன்று முறை கேட்கப்பட்டேன். இன்று மூன்றாவது நாள், வேர் பிடிக்க இன்னும் பத்து நாள் வேண்டும். அதுவரை என்னை உள்ளே வைத்தாலும் சரி. அதற்குத் தண்ணீர் தெளிக்க ஆள் இருக்கிறது.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டினார்கள், கேட்டேன், நான் சொன்னபடியே உள்ளது, எல்லாம் உண்மை. குச்சி இருக்குமிடம் மட்டும் இதில் இல்லை. அது மறதியால் விடுபட்டது அல்ல.

(ஒப்பம்) வில்லா ஹாஸ்கெட்