குடிலுக்குப் பஞ்சு

இல்ல சாமி, அந்தாண்ட போவாதீங்க. சைக்கிள இப்டிக்கா பைப்பு மேல சாச்சிட்டு நெழல்ல வந்து நில்லுங்க. குரல கொஞ்சம் தணிச்சி பேசுங்க. தோ, அந்த பச்ச கதவு தான் நம்ம வூடு, இங்க தும்மினா அங்க கேக்கும். நாந்தான் சாமி, லியோனார்ட்டு. ஹில்டாவோட அப்பன். ஹார்பர்ல சரக்கு தூக்கற வின்ச்சு ஓட்றேன். பூசைக்கு வராம இல்ல, கடைசி தூணாண்ட நின்னுட்டு அப்டியே கெளம்பிடுவேன், நீங்க பாத்துருக்க மாட்டீங்க. நீங்களும் நம்ம கோயிலுக்கு புச்சு தான.

மணியடிக்காம வந்துட்டீங்களே? பழைய சாமியாரா இருந்தா, சாவக் கெடக்கறவங்களுக்கு அவஸ்தை பூச வரச்சொல்ல, முன்னால கோயில்பிள்ள மணியடிச்சிகினு வருவாரு. தெருவே முட்டி போடும். குடிச்சிட்டு வரவன் கூட துண்ட இடுப்புல கட்டிகினு ஒதுங்கி நிப்பான். ஓ, கூப்ட வந்த தாஹிராவே மணி வேணாம்னு சொல்லிச்சா? சொல்லியிருக்கும், சொல்லியிருக்கும். பக்கத்து வூடு சாமி அது. பாய் வூட்டு பொண்ணு, ஹில்டான்னா அதுக்கு உசுரு. ஆனா தெரியாம வந்து கூப்ட்டுருச்சி. இங்க யாரும் சாவக் கெடக்கல. வெய்யில்ல இம்மாந்தூரம் மிதிச்சிகினு வந்தீங்க, ஒரு சோடா வாங்கியாறேன், குடிச்சிட்டு கெளம்புங்க.

தெரிது சாமி, கயுத்துல அந்த பை தொங்கறது தெரிது. எண்ணெ சிமிழு கீது, நன்மை அப்பமும் அதுல தான கீது? அதான் உங்கள பாத்தவொடனே தலைல கட்டின துண்ட அவுத்துட்டேன். நான் ஒண்ணியும் தெரியாதவன் இல்ல.

அவஸ்தைன்னு சொல்லக்கூடாதா? அதுவும் தெரியும். பிரசங்கத்துல சொன்னீங்களே. இனிமே அதுக்கு பேரு அவஸ்தை பூசறது இல்ல, நோயில் பூசுதல்னு. சாவறவங்கள அனுப்பி வெக்கறதுக்கு இல்ல, சீக்காளி சொகமாவறதுக்குன்னு. நல்லா தான் சொன்னீங்க. எம் பொண்ணு பட்த்த எடத்த வுட்டு வர முடியாதேன்னு, நானே வூட்டுக்கு போயி அத்தினியும் அவகிட்ட சொன்னேன். எல்லாத்தியும் கேட்டுகினா. ஆனா சாமி, கோச்சிக்காம சொல்லுங்க. பேர மாத்திட்டா எண்ணெ மாறிடுமா?

அவ இப்ப தேறிகினு வரா. மெய்யாலுமே. கிறிஸ்மஸ் வருதில்ல, பட்த்துகினே குடில் வேலைய ஆரம்பிச்சிட்டா. போன வாரம் பஞ்சு கேட்டா. இன்னாத்துக்கு புள்ளன்னேன். குடிலுக்கு நைனா, ஆட்டுக்குட்டிங்க மேல ஒட்டணும், ஒரே அயுக்கா கீதுங்கன்னா. கிறிஸ்மஸ நெனைக்கற புள்ள சாவுமா? நேரா மருந்து கடைக்கு ஓடினேன். நீல காயிதத்துல சுருட்டி வெச்சிருப்பானே, அந்த பஞ்சு, பெரிய உருண்டையா வாங்கியாந்தேன். அப்பால மெயுகுவத்தி கேட்டா, ஸ்டாருக்குள்ள ஏத்தணுமாம். நேத்து எலுமிச்சம்பயம் கேட்டா, வாய் கசக்குதாம். கசப்பு தெரிதுன்னா நாக்குக்கு ருசி திரும்பிகீதுன்னு தான அர்த்தம்? தெருவுல வந்து நின்னு அயுதேன், சந்தோசத்துல. பாக்கறவன் இன்னா நெனைப்பான்னு கூட தோணல.

இன்னிக்கு காலைல அவ அம்மாவ வைக்கோலுக்கு அனுப்சிகீறா. அடைக்கலம்னு பேரு, எம் பொண்டாட்டி. கொயந்த இயேசுவ படுக்க வெக்கணும் இல்ல, அதுக்கு. இந்த பக்கத்துல கெடைக்கற வைக்கோல் கலீஜா கீதாம், திருவொத்தியூரு தாண்டி போயி நல்ல மஞ்சளா பாத்து வாங்கியாமான்னு சொன்னாளாம். அடைக்கலத்துக்கு கால்ல செருப்பு கூட நிக்கல, அப்டி ஓடுது. இப்டி கீற புள்ளைக்கு எதுக்கு சாமி உங்க எண்ணெ?

வேணாம் சாமி. ஆசீர்வாதம் மட்டும் பண்ணிட்டு வரேன்னு சொல்வீங்க, அந்த வெள்ள அங்கிய பாத்தாலே அவளுக்கு திக்குனு ஆயிடும். கொஞ்சம் நில்லுங்க. நான் வயிய மறிக்கல. சரி, மறிக்கறேன். மறிக்கறேன்னே வெச்சுக்குங்க. பயமா கீது சாமி. ஒரு ஆம்பள இப்டி சொல்றானேன்னு பாக்காதீங்க, எனக்கு பயமா கீது. சூடு கண்ட பூன அடுப்பாண்ட போவாது.

எனக்கு பெரியவன் ஒர்த்தன் இருந்தான். கஸ்பார்னு. மூள ஜுரம் வந்துது. அப்போ அந்த பழைய சாமியார் தான் கோயில்ல. நான் தான் போயி கூப்ட்டேன், வேற யாரு. சாயங்காலம், கொயந்தைங்க பள்ளிக்கூடம் வுட்டு வர நேரம். மணி சத்தம் தெரு முனையிலேந்து வருது. பையன் கண்ண தொறந்து என் மூஞ்சிய பாத்தான். நைனா, அது எனக்கான்னு கேட்டான். இல்ல மவனே, எதிர் வூட்டுக்குன்னேன். அவன் எம் மூஞ்சியவே பாத்துகினு கீறான். மணி கிட்ட வருது, கிட்ட வருது, நேரா நம்ம வூட்டுக்குள்ள வந்து நின்னுது.

ஹில்டா அப்போ சின்ன புள்ள. மெயுகுவத்திய அவ கைல தான் குட்த்தாங்க. உருகி வெரல் மேல ஊத்துது, வத்திய கீழ வெக்கல. எல்லாத்தியும் பாத்துகினே நின்னா.

எண்ணெ கொல்லல, ஜுரம் தான் கொன்னுச்சுன்னு சொல்றீங்க. பழைய சாமியாரும் அத்தயே தான் சொன்னாரு. மண்டைக்கு புரிது சாமி, நெஞ்சு கேக்க மாட்டேங்குது. எண்ணெ பூசற வரைக்கும் அவன் எம் புள்ள. நெத்தில ஈரத்துணி போட்டுகினு, வாயில கஞ்சி ஊத்திகினு, ஏதோ ஒண்ணு பண்ணிகினு இருந்தோம். பூசி முடிச்சவொடனே, ஊரே அவன வயியனுப்ப வந்த மாதிரி நின்னுச்சு. எம் பொண்டாட்டி கஞ்சி கிண்ணத்த எட்த்துகினு போயி கயுவி கவுத்துட்டா. பாதி கஞ்சி இருந்துது அதுல. வெளக்கு வெக்கறதுக்குள்ள போயிட்டான். அந்த கிண்ணத்த ஏன் கயுவினேன்னு இந்நாள் வரைக்கும் அவள நான் கேக்கல. கேட்டா தாங்க மாட்டா.

ஹில்டாவுக்கு வந்தது வேற. மொதல்ல முட்டி வீங்கிச்சு, ஜுரம். வளர்ற புள்ளைக்கு வர்றது தான்னாங்க. அப்பால மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனா, இருதயத்துல கதவு மாதிரி ஒண்ணு கீதாம், அது மூட மாட்டேங்குதுன்னாங்க. ஊசி போட்டாங்க, போட்டாங்க, போட்டுகினே இருந்தாங்க. போன மாசம் பெரிய டாக்டர் என்ன தனியா கூப்ட்டு, வூட்டுக்கு இட்டுகினு போயி நல்லா பாத்துக்கப்பான்னாரு. நல்லா பாத்துக்கன்னா இன்னா அர்த்தம்னு எனக்கு தெரியாதா? கப்பல்ல சரக்கு ஏத்தறவன் சாமி, எது ஏறும் எது அறுந்து வியும்னு சத்தத்த வெச்சே சொல்லுவேன். அவரு குரல்லயே தெரிஞ்சிடுச்சி. அடைக்கலத்துகிட்ட டாக்டர் தேறிடும்னாருன்னு சொல்லி வெச்சிகீறேன்.

ஜெபம் பண்ணல்லியான்னு கேக்கறீங்க. பண்ணேனே. முட்டி தேய தேய பண்ணேன். மாதாவாண்ட தான் அதிகமா பேசுவேன், புள்ளைய பறி குட்த்தவங்க ஆச்சேன்னு. அப்பால ஒரு நாள் தோணிச்சு, அவங்க மவன் மூணாம் நாளே திரும்பி வந்துட்டாரு. கஸ்பாரு வரல. நான் இன்னாத்த சொல்லி அவங்களாண்ட அயுவறது? அன்னிலேந்து செபமாலைய கைல வெச்சிகினு கீறேன், உருட்றேன், வாயி முணுமுணுக்குது, உள்ள ஒண்ணியும் இல்ல. நீங்க சாமியாரு, பொய் சொல்லக்கூடாதுன்னு சொல்றேன். தேவன் இல்லன்னு சொல்லல. கீறாரு. கேக்க மாட்டேங்கறாரு.

இன்னும் கொஞ்ச நேரம் சாமி. சொல்லிடறேன். நீங்க கேட்டீங்களே, புள்ள தேறிகினு வரான்னா நீ ஏன்யா தெருவுல நிக்கறன்னு. அத்த சொல்லிடறேன்.

வேலைக்கு தான் போனேன் இன்னிக்கு. வின்ச்சு கம்பி அறுந்துபோச்சு, மாத்தற வரைக்கும் வூட்டுக்கு போயி நாஸ்டா துன்னுட்டு வான்னு வுட்டாங்க. வந்தேன். கதவு சாத்தி கீது. புள்ள தூங்குதோன்னு ஜன்னல் பக்கமா எட்டி பாத்தேன்.

எயுந்து குந்திகினு கீறா சாமி. தலைய தானே வாரி, ரெட்ட பின்னல் போட்டுகினு. மூச்சு வாங்குது, தோளு ரெண்டும் ஏறி எறங்குது, ஜன்னலாண்டேந்தே தெரிது. கட்டிலாண்ட ஸ்டூலு. அது மேல அவ புதுநன்மை வாங்கினப்போ போட்டாளே வெள்ள முக்காடு, அத்த விரிச்சிகீறா. நடுவுல சிலுவ சுருவம். ரெண்டு பக்கமும் மெயுகுவத்தி, ஸ்டாருக்குன்னு வாங்கினது. தட்டுல எலுமிச்சம்பயம் ரெண்டா அறுத்து வெச்சிகீது. நான் வாங்கியாந்த பஞ்ச சின்ன சின்ன உருண்டையா உருட்டி, வரிசையா அடுக்கி வெச்சிகினு கீறா.

உங்களுக்கு சொல்லணுமா சாமி. எண்ணெய தொடைக்கறதுக்கு பஞ்சு. சாமியாரு வெரல்ல பிசுக்கு போவறதுக்கு எலுமிச்ச. அன்னிக்கு கஸ்பாருக்கு அடைக்கலம் எப்டி வெச்சாளோ, அச்சு அசலா அப்டியே. ஒண்ணியும் மறக்கல அந்த புள்ள.

ஆட்டுக்குட்டிக்குன்னு நெனச்சிகினு வாங்கியாந்தேனே சாமி. ஓடி ஓடி வாங்கியாந்தேனே.

தாஹிரா தான் வாசல்ல நின்னு அயுதுகினு சொல்லிச்சு. அண்ணே, மன்னிச்சுக்குங்க, ஹில்டா தான், சாமியார கூப்ட்டுகினு வரணும், மணியடிக்க வேணாம்னு சொல்லணும், எங்க அம்மாவுக்கும் நைனாவுக்கும் தெரியக்கூடாதுன்னு என் கைல அடிச்சி சத்தியம் வாங்கிகினா. அவங்களுக்கு மணி சத்தம்னா பயங்க்கா, ரெண்டாவது தபாவும் தாங்க மாட்டாங்கன்னு சொன்னாளாம். நான் அவளாண்ட மறைக்கறேன்னு நெனச்சிகினு இருந்தேன். அவ எங்களாண்ட மறைச்சிகினு கீறா. வைக்கோலு கூட அதுக்கு தான், அம்மா வூட்ல இருக்கக்கூடாதுன்னு.

உங்கள தொரத்தி வுடணும்னு தான் இங்க வந்து நின்னேன். அம்மாவாண சாமி. சைக்கிள புடுங்கி காவாயில போட்டுடலாம்னு கூட நெனச்சேன். ஆனா அவ தலைய வாரிகினு குந்திகீறாளே. மறுக்கா பட்த்துட்டா எயுந்திரிக்க முடியாதுன்னு தான் அப்டியே குந்திகினு கீறா போல. எம்மா நேரம் குந்துவா, பாவம்.

போங்க. வைக்கோலு வந்து சேர்றதுக்குள்ள முடிச்சிடுங்க. நிலைப்படி தாழ்வு, தலைய குனிஞ்சிக்குங்க. நைனா எங்கம்மான்னு கேளுங்க, கேக்காட்டி சந்தேகப்படுவா. ஹார்பர்ல கீறாருன்னு சொல்லுவா. சரிம்மான்னுட்டு வேலைய பாருங்க. இந்த சைக்கிள் மணிய மட்டும் தொடாதீங்க, சைக்கிள நான் பாத்துக்கறேன்.

அடைக்கலம் இந்த வயியா தான் வருவா. இங்கியே நிறுத்தி வெக்கறேன். சைக்கிள பாத்துட்டு, சாமியார் யாருக்கு வந்துகீறாருன்னு கேட்டா, எதிர் வூட்டுக்குன்னு சொல்லிக்கறேன்.