காது குத்திய படங்கள்

எங்கள் வீட்டில் கடுகு என்று எழுதிய டப்பாவில் கடுகுதான் இருக்கும், மேடம். சிரிக்காதீர்கள். குரோம்பேட்டையில் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பாருங்கள்; கடுகு டப்பாவில் வெந்தயம், வெந்தய டப்பாவில் ஏலக்காய். எனக்கு அது ஒத்துவராது. வெளியே எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். இது புரிந்தால் மீதி எல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரிந்துவிடும்.

பம்மலில் ஒரு பழைய தோல் கிடங்கை வாங்கி, ஓவியங்களைப் பாதுகாக்கும் இடமாக மாற்றினார் எங்கள் முதலாளி யக்ஞநாராயணன். அங்கே பதிவு என் பொறுப்பு. ஒவ்வொரு படத்தின் முதுகிலும் நகமளவு ஒரு சில்லு ஒட்டுவோம். கூரையில் இருக்கும் கருவி ரேடியோ அலையில் கூப்பிட்டால், சில்லு 'இங்கேதான் இருக்கிறேன்' என்று பதில் சொல்லும். உடனே திரையில் புகைப்படம், அளவு, வரைந்தவர், முடித்த ஆண்டு எல்லாம் வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை. ஏதாவது குறைந்தால் மஞ்சள். பதிலே வராவிட்டால் சிவப்பு. 'காணவில்லை' என்று என் போனுக்கு ஒரு செய்தியும் வரும்.

கிடங்கு முழுக்கப் பச்சை. ஓவியர் வெற்றிவேல் சாரின் படங்கள் மட்டும் மஞ்சள்.

தங்கமான மனிதர். தன் படங்களை எல்லாம் முதலாளிக்கு விற்றுவிட்டு, எப்போது வேண்டுமானாலும் வந்து திருத்துவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டவர். சனிக்கிழமை ஆனால் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். நான் சில்லு ஒட்டிய புதிதில் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா காமும்மா, என் படத்துக்கெல்லாம் காது குத்திட்டியாமே! மாமன் மடியில ஒக்கார வச்சியா, இல்லியா?"

காவலாளி சம்பத் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.

அவர் வரைந்தது எல்லாம் ஏரிகள். தண்ணீருக்கு அலுமினியப் பூச்சு தடவுவார். உலோகம் அல்லவா, அது தடிமனாக ஏறினால் முதுகில் இருக்கும் சில்லு வாயை மூடிக்கொள்ளும். அவர் தூரிகை எடுத்தாலே திரையில் சிவப்பு விழும். முதல் தடவை படம் திருட்டுப் போய்விட்டதாக நினைத்துக் கிடங்கையே புரட்டிப்போட்டோம். அப்புறம் அது பழகிப்போயிற்று.

"இனிமே தொடாதீங்க சார். படம் முடிஞ்சுபோச்சு," என்பேன்.

"எங்கம்மா முடிஞ்சுது? ஏரில தண்ணி கம்மியா கீது பாரு."

வாரம் ஒரு ஏரி நிரம்பும். நான் மறுபடி புகைப்படம் எடுப்பேன், சில்லை இடம் மாற்றுவேன், 'முடித்த ஆண்டு' கட்டத்தை அழிப்பேன்.

தை பிறந்ததும் அந்தப் படங்கள் வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போக வேண்டும். பச்சை விழாத படத்தை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலாளி தலையில் கைவைத்து, "அந்த மனுஷன் இருக்கற வரைக்கும் இது முடியாதும்மா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் திரையைப் பார்த்தேன். வரைந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் 'மறைந்த ஆண்டு' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பினால் அவருடைய எல்லாப் படங்களுக்கும் 'முடித்த ஆண்டு' தானாகவே பூட்டிக்கொள்ளும். அருமையான ஏற்பாடு. இவ்வளவு நாள் எனக்கு இது தோன்றாமல் போயிற்றே.

போகிக்கு முந்தின நாள் அவரை வரச் சொன்னேன். படங்கள் இருப்பது உள் அறையில். ஈரம் ஏறாமல் இருக்கச் சுவரெல்லாம் தகரம் அடித்திருக்கிறோம், செல்போன் எடுக்காது, கத்தினாலும் வாசல் வரைக்கும் கேட்காது. கழுத்தில் சில்லு அட்டை இல்லாமல் அந்தக் கதவு எந்தப் பக்கமும் திறக்காது.

"அட்டையக் குடுங்க சார், கயிறு நைஞ்சுபோச்சு. புதுசு மாட்டித் தரேன்."

சின்னப் பிள்ளை மாதிரி கழுத்தை நீட்டினார். அட்டையை என் கைப்பையில் போட்டுக்கொண்டு, அவரை அங்கேயே விட்டு வெளியே வந்தேன். வாசல் கருவி 'வெற்றிவேல் வெளியேறினார்' என்று பதிந்துகொண்டது. சம்பத் திரையைப் பார்த்தானே தவிர, ஆளைப் பார்க்கவில்லை. எங்கள் இடத்தில் யாருமே ஆளைப் பார்ப்பதில்லை, மேடம். அவ்வளவு நல்ல கருவி.

ராத்திரி அவர் மனைவி பச்சையம்மா போன் செய்தார். "அவுரு இன்னும் வூட்டுக்கு வரலம்மா. சர்க்கரை மாத்திரை வேற போடல. அங்க கீறாரா?"

திரையைப் பார்த்துவிட்டு, "வெளிய போயிட்டதா காட்டுதும்மா," என்றேன். நான் பொய் சொன்னதில்லை.

பொங்கல் அன்று வாசலில் பெரிய கோலம் போட்டேன். பால் பொங்கும்போது போனில் ஒரு செய்தி வந்தது. அவருடைய படம் ஒன்று காணவில்லை. கொஞ்சம் கழித்து இன்னொன்று. சர்க்கரைப் பொங்கலுக்கு முந்திரி வறுக்கும்போது இன்னொன்று. அப்புறம் சம்பத்தே கூப்பிட்டான்.

"மேடம், உள் ரூம்ல படமெல்லாம் ஒண்ணொண்ணா காணோம்னு காட்டிக்கினே கீது. போய்த் தொறந்து பாக்கட்டா?"

"வேண்டாம் சம்பத். அதே பழைய பேஜார்தான். பூச்சு காயலை."

"நானும் அப்டித்தான் நெனச்சேன். ஹேப்பி பொங்கல் மேடம்."

அவர் உதவிக்குக் கூப்பிட்டார் என்கிறீர்கள். ஆமாம், எனக்கும் புரிந்தது. பூசினால் சிவப்பு விழும், சிவப்பு விழுந்தால் யாராவது ஓடிவருவார்கள் என்று அவருக்குத் தெரியும். கெட்டிக்காரர். ஆனால் முடிந்த படங்களில் மறுபடியும் கைவைக்கிறாரே என்றுதான் எனக்கு வருத்தம். போனை அணைத்துவிட்டுக் கரும்பு வெட்டினேன். பிள்ளைகள் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள்.

காணும் பொங்கல் அன்று போனை மறுபடி ஆன் செய்தேன். புதிய செய்தி எதுவும் வரவில்லை. இனி வராது என்றும் தெரிந்தது.

விடுமுறை முடிந்து நான்தான் கதவைத் திறந்தேன். கதவோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதலில் 'மறைந்த ஆண்டு' கட்டத்தை நிரப்பிவிட்டு, அப்புறம்தான் சம்பத்தைக் கூப்பிட்டேன். என் அட்டையும் அவர் அட்டையும் ஒரே நொடியில் வாசலைத் தாண்டியதை வைத்து நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் வைத்த கருவி அல்லவா.

ஆமாம் மேடம், நான்தான் கொன்றேன். பூட்டியதும் நான், கூப்பிட்டது தெரிந்தும் திறக்காததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், எழுத்துப்பிழை இல்லாமல் நானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு குறை. எல்லா ஏரியும் இப்போது கரை வரைக்கும் வெள்ளியாக நிரம்பி நிற்கிறது. பதிவில் இருப்பதோ பழைய புகைப்படம். ஒருநாள் மட்டும் என்னை அங்கே அனுப்புங்கள், புதிதாக எடுத்துப் போட்டுவிடுகிறேன். எனக்காகக் கேட்கவில்லை. பாவம், அவருக்கு எதையும் பாதியில் விட்டால் பிடிக்காது.