பீரோவுக்குப் பின்னால் டைமர்

அன்புள்ள சாயிமாவுக்கு, சாச்சா முகைதீன் எழுதுவது. இங்கே மழை இன்னும் இறங்கவில்லை.

புது தெர்மோஸ்டாட் மாட்டிய அன்று அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். காக்கா, அதாவது உன் வாப்பா, ஜன்னலோரக் கட்டிலில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். ஏசி வேலைக்கு வந்த சுரேந்திரன் ஏணியின் மூன்றாம் படியில். நான் வாசற்படியில். நீ பினாங்கிலிருந்து போனில். தண்ணீர்க் கூஜாவில் உன்னைச் சாய்த்து வைத்திருந்தோம்.

"பழைய டைமரைக் கழட்டிடுறேன், ஊ முகைதீன்," என்றான் சுரேந்திரன், பர்மிய வழக்கில் மரியாதை வைத்து. "ரெண்டும் ஒரே லைன்ல இருந்தா புதுசு ஓடுன்னு சொல்லும், பழசு கரண்டை வெட்டிரும். ஒரு அடுப்படிக்கு ரெண்டு மாமியா மாதிரி."

காக்கா சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தால் வாயின் ஒரு பக்கம்தான் தூக்கும்.

"இனிமே நான் இங்கேருந்தே போன்ல பாத்துக்கிறேன் வாப்பா. சாச்சாவும் பாவம், கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்," என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய்.

அந்த டைமர் மூன்று வருடமாகப் பகல் இரண்டு மணிக்கு ஏசியை நிறுத்தி வந்தது. கரண்டு போகிற நேரத்துக்கான இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று நான் செய்த ஏற்பாடு. நின்றதும் காக்கா கூப்பிடுவார்: "முகைதீன், மீ போயிருச்சாப்பா, கரண்டு இல்லையா?" நான் போய் டைமர் பொத்தானை அமுக்கி ஏசியை ஓடவிடுவேன். போன கையோடு கால் பிடித்துவிடுவேன். மொஹிங்கா நூடுல்ஸ் கடைக்காரியைப் பற்றி ஏதாவது வம்பு பேசுவார். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன்.

புதுசு வந்த பின் அறை எப்போதும் இருபத்தாறு டிகிரி. ஏழு நாள் அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. சோறு கொண்டுபோனால், "வச்சிட்டுப் போப்பா, சாயிமா பேசுறா," என்பார். எட்டாம் நாள் அவர் கண்ணயர்ந்தபோது, பீரோவுக்குப் பின்னால் டைமரை மறுபடி அதே லைனில் கோர்த்தேன். துறைமுகத்தில் முப்பது வருடம் வயர் வேலை பார்த்தவன் நான்.

இரண்டு மணிக்கு அவர் கூப்பிட்டார். போனேன்.

உன் போனில் ஏசி ஓடுவதாகவே காட்டியது. ஒரு தரம் மட்டும், "சாச்சா, ரூம் முப்பத்திநாலு காட்டுதே?" என்று கேட்டாய். "உடம்பு துடைக்கக் கதவைத் திறந்து வச்சேம்மா," என்றேன். நம்பினாய்.

பிறகு ஒரு பழக்கம் வந்தது. முதல் கூப்பாட்டுக்குப் போகாமல் இரண்டாவதுக்குப் போனேன். அதில் குரல் சற்றுக் கெஞ்சும். பிறகு மூன்றாவதுக்கு.

திங்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் வெயில் நாற்பத்தொன்று. குளிர் வெளியே போகாமலிருக்க ஜன்னலைக் காலையிலேயே சாத்தியிருந்தேன். இரண்டு மணிக்குக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான்காவது தரம் "தம்பி" என்றார். சிறு வயதுக்குப் பிறகு அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. இன்னொரு தரம் கேட்க ஆசையாக இருந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நீதான். பேசினால் அவர் குரல் காதில் விழாது என்று எடுக்கவில்லை. காக்கா மொத்தம் ஏழு தரம் கூப்பிட்டார். பிறகு தண்ணீர் கேட்டார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தூங்கிவிட்டார் என்று சொல்லிக்கொண்டு சாயங்கால அஸர் பாங்கு வரை உட்கார்ந்திருந்தேன். அது தூக்கமில்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே போய் முதலில் டைமரைக் கழற்றினேன். அப்புறம்தான் அவர் கண்ணை மூடிவிட்டேன்.

"நான் வாங்கின மெஷின்தான் வாப்பாவைக் கொன்னுடுச்சு," என்று ஜனாஸாவை அடக்கிய அன்று போனில் அழுதாய். இன்னும் அப்படியே சொல்லிக்கொண்டு, சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று உன்னோடு போனில் பேசிய பக்கத்து வீட்டுப் பாசில் சொன்னான். அதற்காகத்தான் எழுதுகிறேன். உன் மெஷினில் ஒரு குறையும் இல்லை. நான்தான்.

பாசில் நாளை பினாங்கு வருகிறான். வாசலில் நிற்கிறான். இதை மடித்து, ஒட்டி, அவன் கையில் கொடுக்கிறேன்.

ஒட்டிய பிறகு ஒன்று நினைவு வந்தது. உறையின் மேலேயே எழுதுகிறேன். உனக்கும் இனி யார் இருக்கிறார்கள் சாயிமா, இங்கேயே வந்துவிடு. வாப்பா அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். எது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடு. ஒரு தரம் கூப்பிட்டால் போதும்.