உறை போடாத ஒரே ஜீவன்

ஆடும் மேசையை முழங்காலால் முட்டுக்கொடுத்தபடி தலைமை தாங்கும் தெருச் சங்கத் தலைவர் அவர்களே! மைக்கைத் தர மனமில்லாமல் தந்த செயலாளர் அவர்களே! வெள்ளையடித்த வீட்டில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அந்த வீட்டைக் கூட்டிக் கூட்டியே இடுப்பொடிந்த தாய்மார்களே! அனைவருக்கும் இந்தப் பெயிண்டரின் வணக்கம்.

சுவரைச் சுரண்டிச் சுரண்டியே சோறு தின்றவன் நான். முப்பது ஆண்டு! "பழைய வீடும் புதிய வண்ணமும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வண்ணம் கிடக்கட்டும். என் தங்கை மாப்பிள்ளையின் வீரத்தைக் கேளுங்கள்.

அவர் வீட்டுக் கதவு சன்னலெல்லாம் காரீயம் கலந்த அந்தக்காலப் பெயிண்ட். நாளை வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மனிதர் சும்மா இருப்பாரா? எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, உரசும் மெஷினை வாடகைக்கு எடுத்து முந்தின நாளே உரசித் தள்ளிவிட்டார்!

அதற்கு அவர் செய்த ஏற்பாடு இருக்கிறதே! சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை. டிவிக்கு உறை. ரிமோட்டுக்குத் தனி உறை! கடிகாரத்துக்கும் உறை, மணி பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். யாரய்யா அங்கே சிரிப்பது? இன்னும் இருக்கிறது. தங்கையின் மாமியார் மூக்குக்கண்ணாடிக்கும் உறை. அந்த அம்மா அதை மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்!

நான் போனபோது வீடெல்லாம் தூசி.

"மாப்பிள, குட்டி எங்க?"

"கீழதான் இருக்கா மச்சான். எதையும் உடைக்காம சமத்தா விளையாடுறா."

குட்டி என்றால் என் தங்கை மகள், ஒன்றேகால் வயது. தூசியில் விரலால் கோடு கிழித்து, அந்த விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஐயா, அந்த வீட்டில் உறை போடாத ஒரே ஜீவன் அவள்தான்!

தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தத்தில் காரீயம். "மூளை வளர்ற வயசு, விளையாட்டில்ல. மாசாமாசம் வந்து பாக்கணும்" என்றார் டாக்டர். தங்கை அழுதுகொண்டே புருஷனை உலுக்கினாள்: "ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"உங்கண்ணன்தானே சொல்லுவாரு, தூசி பறக்கலேன்னா வேலை நடக்கலேன்னு!"

சொன்னேன். ஊரெல்லாம் சொன்னேன். தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும்! பிள்ளைகளையும் பிள்ளைத்தாச்சிகளையும் வெளியே அனுப்ப வேண்டும், பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்பது தெரியாதா? தெரியும்! நனைத்தால் நாளாகும் என்று நனைக்காமல் விட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இந்தத் தெருவில் பதினேழு வீடுகளைக் காய்ந்தபடியே உரசியவன் யார்? நான்! தலைவர் அவர்களே, எழுந்திருக்காதீர்கள், மேசை விழுந்துவிடும். உங்கள் வீடும் அதில் ஒன்று.

நாளை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். என்னைத் திட்டலாம், அடிக்கலாம், தாராளமாக! ஆனால் முதலில் பிள்ளைக்கு ரத்தம் எடுக்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. வீட்டில் தூங்கும் உங்கள் பிள்ளைகளுக்கு, தலைகுனிந்து, வணக்கம்.