காளியாயியின் பிள்ளையும் எங்கள் காதியாரும்

அவைத் தலைவர் அவர்களே! பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாரே! மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா வீரய்யா அவர்களே! பாதிரியார் அவர்களே! தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு மழையில் வந்து நிற்கும் தாய்மாரே! உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தி உண்டாவதாக.

பேசச் சொன்னார்கள், பேசுகிறேன். முந்தாநாள் காதியாரின் ஜனாஸாவைச் சுமந்தேன். தோளுக்குப் பாரம் தெரியவில்லை. கபுறில் மண் போட்டேன், கை உணரவில்லை. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிந்துலையில் முஸ்லிம்களின் திருமண வழக்குகளை விசாரித்த காதியார், நம் பள்ளியில் தொழுகை நடத்திய பெரியவர், ஜனாப் நெய்னா லெப்பை அவர்கள் போய்விட்டார்கள். மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் நான், அவர்கள் விசாரணைகளில் பக்கத்தில் உட்கார்ந்தவன்.

காளியாயியை உங்களுக்குத் தெரியும். பேக்கரியில் வேலை செய்த சுல்தானைக் கட்டுவதற்காக நம் மார்க்கத்துக்கு வந்தவள். சுல்தான் காய்ச்சலில் மவுத்தானான். அவள் தன் அண்ணன் மாயாண்டியின் தோட்ட லயத்து வீட்டுக்குப் போனாள். அடுத்த திருவிழாவில் பொட்டு வைத்துக்கொண்டு கோயிலில் நின்றாள். ஊர் கொதித்தது! அவள் மாமனார் பாவா ஹாஜியார், அவளுடைய ஒரே பிள்ளையை, தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

காளியாயி காதியார் வாசலில் வந்து நின்றாள்.

“அய்யா, அவரு இருந்தவரைக்கும் மனசோட நோன்பு புடிச்சேன். இப்ப மனசு ஆத்தாகிட்ட போகுது. அதுக்கு எம் புள்ளய ஏன் புடுங்குறாங்க?”

மரைக்கார்மார், “அவள் மதம் மாறியதற்குத் தீர்ப்புச் சொல்லுங்கள்” என்றார்கள். காதியார் சொன்ன பதில் என்ன? “எனக்குக் கொடுத்தது கலியாணச் சட்டம். இவ உள்ளத்துக்கு நான் காதியார் இல்ல. அதுக்கு ஒருத்தன்தான் இருக்கான்.”

அதோடு விட்டார்களா? குடையை எடுத்துக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்கு நடந்தார்கள். நானும் போனேன்.

“ஹாஜியார், புள்ளய வாங்கித்தர எனக்குச் சட்டமில்ல. கெஞ்ச வந்திருக்கேன். தாய அழவச்சு வளக்குற புள்ளைக்கு எந்த ஈமானச் சொல்லிக்கொடுப்பீங்க? வற்புறுத்தி வாங்குறது ஈமானா?”

ஹாஜியார் எழுந்து உள்ளே போய், தூங்கிய பிள்ளையைத் தூக்கி வந்து காதியார் தோளில் கிடத்தினார்.

பிள்ளையைத் தாயிடம் சேர்த்ததற்காக, அந்த வெள்ளிக்கிழமை பலர் காதியாருக்குப் பின்னால் தொழ மறுத்து வெளியே நின்றார்கள். காதியார் அவர்கள் யாரையும் ஏசவில்லை. “அதுவும் அவங்க உரிமைதான்” என்று சொல்லிவிட்டு, இருந்தவர்களோடு தொழுதார்கள். இப்படி ஒரு மனிதரை இனி எங்கே காண்போம்! மெல்ல மெல்ல எல்லோரும் உள்ளே வந்தார்கள். ஒருநாள், நெற்றியில் பொட்டோடு, காளியாயியே மகளை மத்ரஸாவுக்குக் கூட்டி வந்தாள். “அவ வாப்பா ஓதுனத அவளும் ஓதட்டும்” என்றாள். அப்படிச் செய்யும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

முந்தாநாள் மையவாடியில் அடக்கம் முடித்து வெளியே வரும்போது ஒருவர் என் காதருகில் கேட்டார்: “காதியார் போயிட்டாரு. இனி அந்தப் புள்ளய எடுத்துக்கலாந்தானே?”

பதிலை இங்கே சொல்கிறேன். முடியாது! அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். பதில் எல்லோருக்கும்தான். முடியாது! காதியார் பட்ட பாட்டை அவரோடு சேர்த்து அடக்க நாம் இங்கே கூடவில்லை. காளியாயி, கடைசியில் நிற்கிறாய், தெரிகிறது. பிள்ளை உன்னோடுதான் இருக்கும். எடுக்க வருகிறவர் முதலில் என் வாசலுக்கு வரட்டும்.

மேடையில் பாவா ஹாஜியார் எழுந்து நிற்கிறார்கள். நன்றி ஹாஜியார்.

இரண்டு பேர் ஆகிவிட்டோம். சபையோரே, இன்னும் யார் எழுந்து நிற்கிறீர்கள்?