பெயர் சொல்லாமல் கேட்ட ஓட்டு

குழந்தைகளே, நம் பக்கத்துப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், தெரியுமல்லவா? 1952 சட்டசபைத் தேர்தல் சமயம், மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஓர் அம்மாள் எழுந்து நின்றார்.

"என் வூட்டுக்காரரு எலெக்‌ஷன்ல நிக்கிறாரு, ஓட்டு போடுங்க. பேரு மட்டும் கேக்காதீங்க!"

"பேரில்லாத ஆளுக்கா ஓட்டு? முருகனா?" என்றார் பக்கத்து சீட்டு மீன்கூடைக்காரம்மா.

"முருகனோட நைனா பேரு."

"ஏகாம்பரமா?" "கபாலியா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

ஜன்னலில் திருக்கழுக்குன்றம் மலைக்கோயில் தெரிந்தது. "தோ, மேல கீறாரே, அந்த சாமி பேரு!"

"வேதகிரி!" என்று பஸ்ஸே கத்தியது.

அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். "இன்னொரு தபா சொல்லுங்க!"

"வேதகிரி! வேதகிரி!" டிரைவரும் ஹாரன் அடித்தார்.

மீன்கூடைக்காரம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்ய, என் வூட்டுக்காரரு பேரும் அதாம்மா! ஓட்டு போடப் போனா நான் இன்னான்னு சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்ல வாணாங்க்கா. ஆளுக்கு ஒரு பெட்டி வெச்சிருப்பாங்க. குடை படம் ஒட்டின பெட்டியில சீட்டைப் போட்டுட்டு வந்துடு."

"அடிப்பாவி, குடைன்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லியிருந்தா, அவரு பேரை இத்தினி பேரு கூவி நான் எப்பக்கா கேக்கறது?"