கல்பாலத்தில் வெள்ளைப் புள்ளிகள்

கல் வந்து விழுகிறது. டொக். அடுத்தது தண்ணீரில். சளக். ஒருவன் ஓடையில் விழுந்து எழுந்து ஓடுகிறான். துரத்துகிறவர்களில் நானும் ஒருவன். விசில் என் வாயில்.

எழுபத்தொன்று டிசம்பர். வடக்கே போர். டீக்கடை ரேடியோவைக் கேட்டுவிட்டு, திருப்புலிவனம் போகிற வழியில் இருக்கும் எங்கள் கல்பாலத்துக்கு நாங்களே காவல் போட்டோம். மூன்று வளைவு. வெள்ளைக்காரன் காலத்தது. சிமெண்ட் கிடையாது. சுண்ணாம்பும் வெல்லமும் கடுக்காயும் பிடித்து நிற்கிற கல். அந்த வாரம் வளையல்காரரின் பெட்டியைக்கூடக் கொட்டிப் பார்த்தோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

காலை ஆறு மணி. பனி. பாலத்தடியில் சத்தம். டக். டக். நிற்கிறது. மறுபடி டக். நடு வளைவில் சுண்ணாம்புப் புள்ளிகள். நேற்று இல்லை. ஊதினேன்.

"வெடி வெக்கிறான்! ஓடியாங்கடா!"

"புள்ளி பாரு. பிளேனுக்கு அடையாளம்!"

"பாலத்துக்கு அடியில வெச்சா பிளேனுக்கு இன்னாடா தெரியும்?"

"நீ சும்மா இரு. அவனுங்க கண்ணாடி போட்டுப் பாப்பானுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கைக்குக் கல் அகப்படவில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரையே பெயர்த்தோம். காவலுக்கு வந்த நாங்கள்.

ஓடியவன் தூணைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். "அடிக்காதீங்க நைனா! நான் சின்னையன் மவன் எல்லப்பன்!"

"சின்னையன் எங்கடா?"

"ஐப்பசில செத்துட்டாரு நைனா!"

அதற்குள் ஒரு கல் கிளம்பிவிட்டது. தூணில் இருந்த கைமேல் விழுந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு எழுத்து இல்லை.

வருஷா வருஷம் தண்ணீர் வடிந்ததும் கொத்தனார் சின்னையன் வருவார். சுத்தியலால் கல்லைத் தட்டுவார். பொள்ளலாகக் கேட்டால் புள்ளி வைப்பார். வெயில் ஏறுமுன் அங்கே சுண்ணாம்பு அடைப்பார். எங்களுக்கு அவர் முகம் தெரியும். வேலை தெரியாது.

எல்லப்பன் சுண்ணாம்பு அடைக்காமலே அன்றே ஊருக்குப் போய்விட்டான். மறு வருஷம் இரண்டு முறை ஆள் அனுப்பினோம். வரவில்லை. எப்படி வருவான்? அந்த வருஷ ஐப்பசி மழையில், மத்தியானம், பாலத்துப் பக்கம் இடி மாதிரி ஒரு சத்தம்.

பிளேன் ஒன்றும் வரவில்லை. போனது இவ்வளவு. எல்லப்பனின் வலது கையில் இரண்டு விரல். கைப்பிடிச் சுவரில் பதினான்கு கல். நடு வளைவு முழுதாக. வெள்ளம் வடிந்தபின் ஓடையில் இறங்கி, விழுந்த கற்களைப் புரட்டினேன். ஒன்பது கல்லில் அவன் வைத்த புள்ளி அழியாமல் இருந்தது.